சாவி யார் கையில்?

சங்க அலுவலகத்தில் முன்பெல்லாம் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே உறுப்பினர் பதிவேடு, சந்தாப் புத்தகம், தீர்மானக் குறிப்பு, ரசீதுக் கட்டு. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி செயலாளரின் இடுப்பில். இரவில் எவனாவது பெட்டியைத் திறந்தால் காலையில் தெரிந்துவிடும். பூட்டு உடைந்து கிடக்கும்!

இன்று அந்த இடத்தில் ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. பதிவேடும் அதில்தான், சந்தாக் கணக்கும் அதில்தான், வழக்கறிஞருக்கு எழுதிய கடிதமும் அதில்தான். இதை எவனாவது இரவோடு இரவாகத் திறந்து படித்தால் காலையில் தெரியுமா? தெரியாது! பூட்டு உடையாது. தாழ்ப்பாள் அசையாது. மேலே படிந்த தூசி கூடக் கலையாது.

ஆகவே, இந்தப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. சங்கத்தில் பெயர் கொடுத்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் கேட்க உரிமையுள்ள கேள்வி அது.

கேள்வியைத் தள்ளிப்போட முடியாத காலமும் வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. மேலும் ஓராண்டுக்குத் திருத்தம் வேண்டுமென்றவர்களுக்கு அது வைத்த வழிகளில் ஒன்று, பணம் கட்டுவது. இன்னொன்று, அதன் கணக்கில் நுழைந்து, நம் கணினியின் அமைப்புகளை அதன் கிடங்கில் சேர்த்து வைப்பது! விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினிகளை அது வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஓடுகிற வண்டியை ஓரங்கட்டு, புது வண்டி வாங்கு! இதுதானே இதன் பொருள்?

தோழர்கள் கேட்கிறார்கள்: லினக்ஸுக்கு மாறலாமா? மாறினால் எந்த மென்பொருளை வைத்துக்கொள்வது? எதை நம்புவது?

மாறலாம். மாறுங்கள் என்றே சொல்லுகிறோம். ஆனால், மாறிவிட்டோம், இனிக் கவலை தீர்ந்தது என்று குறட்டை விடலாமா? கூடாது! வீடு மாறினவன் புது வீட்டின் கதவையும் சன்னலையும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பான் அல்லவா? அந்த வேலையைத்தான் இங்கே செய்யப் போகிறோம்.

பட்டியல் பறித்த வேலை

"எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? தவறு செய்கிறவன்தானே மறைப்பான்?" என்று கேட்கும் நல்லவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லுகிறோம்.

2009 பிப்ரவரியில் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் ஓர் அலுவலகத்தில் புகுந்து சோதனை போட்டார்கள். 'கன்சல்டிங் அசோசியேஷன்' என்பது அதன் பெயர். நடத்தியவர் இயன் கெர். அங்கே என்ன கிடைத்தது? 3,213 பேரைப் பற்றிய குறிப்புகள்! பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். இவன் சங்கத்தில் முன்னால் நிற்பவன், இவன் வேலையிடத்தில் பாதுகாப்பு இல்லையென்று புகார் சொன்னவன் என்று ஆளுக்கு ஆள் குறிப்பு. பெரிய பெரிய கட்டுமான நிறுவனங்கள், நாற்பதுக்கு மேற்பட்டவை, பணம் கட்டி அந்தப் பட்டியலைப் பயன்படுத்தின. வேலை கேட்டு வந்தவன் பெயர் அதில் இருந்தால், இடமில்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை? அது அவனுக்குத் தெரியாது. நல்ல கைத்தொழில் தெரிந்தவன், மாதக்கணக்கில் வாசல் வாசலாக ஏறி இறங்கியிருக்கிறான், காரணம் தெரியாமலே! 2016-இல்தான் வழக்கில் சிக்கிய நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டு, இழப்பீடு கொடுத்து, விவகாரத்தை முடித்தன.

அந்த 3,213 பேரும் செய்த தவறு என்ன? திருடினார்களா? கொள்ளையடித்தார்களா? இல்லை. சங்கத்தில் சேர்ந்தார்கள், வாய் திறந்து பேசினார்கள். அவ்வளவே!

அந்தப் பட்டியலை அட்டை அட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். சேர்க்கப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்றோ, பாதுகாப்பில்லாத ஒரே ஒரு கணினியிலிருந்து ஒரு சங்கத்தின் முழுப் பதிவேட்டையும் நொடியில் நகல் எடுத்துவிடலாம். ஆகவே, மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்லுகிற தோழரைக் கேட்கிறோம்: உங்களைப் பற்றி நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்களை நம்பிப் பெயரும், விலாசமும், தொலைபேசி எண்ணும் கொடுத்த நானூறு பேர் சார்பில் அப்படிச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். கணினிக்கும் அதுவே சட்டம்.

திறந்த சமையலறை

லினக்ஸ் என்பது என்ன? 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' என்றொரு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் உள்ளே எழுதப்பட்டிருப்பதைப் படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்பது அதன் கொள்கை. 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கணினியின் இதயம் போன்ற ஒரு நிரலை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அதை அந்த உரிமையின்கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததைத்தான் இன்று லினக்ஸ் என்று அழைக்கிறோம். தமிழ்நாட்டுக்கும் இது புதிதன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-இல் வந்தது. அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அதைப் பார்த்த பிள்ளைகள் இன்று நம்முடன் வேலை செய்கிறார்கள்.

ஓட்டலைக் கொண்டு இதை விளக்கலாம். ஓர் ஓட்டலில் சமையலறைக் கதவை அடைத்து வைத்திருக்கிறார்கள். "சாப்பிடு, காசைக் கொடு, உள்ளே எட்டிப் பார்க்காதே" என்கிறார்கள். இன்னொரு ஓட்டலில் சமையலறைக் கதவு திறந்தே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பாத்திரத்தைத் திறந்து பார்க்கலாம், உப்பு அதிகம் என்று சொல்லலாம். லினக்ஸ் இரண்டாவது ஓட்டல்.

ஆனால் கதவு திறந்திருப்பதனாலேயே சாம்பாரில் பல்லி விழாது என்று அர்த்தமா? அல்ல! விழுந்தால் பார்க்க முடியும் என்றுதான் அர்த்தம். அதுவும் யாராவது பார்த்தால்! இதை மறந்துவிட்டு, 'திறந்த மென்பொருள்' என்ற பெயரைக் கேட்டவுடனே கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைக் கும்பிட வேண்டாம். கேள்வி கேளுங்கள். எந்த மென்பொருளை எடுத்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்கிறோம்.

முதல் கேள்வி: பார்க்கிற கண் இருக்கிறதா?

'எக்ஸ்.இசட்.' என்று ஒரு சிறு கருவி. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் வேலை அதற்கு. உலகத்தின் லினக்ஸ் கணினிகளில் ஏறக்குறைய எங்கும் இருக்கும். இதைப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின் என்ற ஒரே மனிதர். கூலி கிடையாது. ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு.

2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஓர் உதவியாளர் வந்து சேர்ந்தார். நல்ல வேலை செய்தார். இன்னொரு பக்கம், வேறு சில பெயர்களில் கடிதங்கள் வந்து குவிந்தன: ஏன் தாமதம்? ஏன் புதியவரிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது? களைத்துப்போன மனிதர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாண்டுக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்த அந்தப் பெயர், 2024 பிப்ரவரியில் வெளியான 5.6.0 பதிப்பில் நஞ்சை வைத்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் வாயிலில் ஒரு கள்ளச் சாவி! அதையும் எல்லோரும் பார்க்கும் அடுப்பில் வைக்கவில்லை. நஞ்சைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து, அதை எழுப்புகிற திரியைப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் சொருகியது.

பிடித்தவர் யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாப்டில் வேலை செய்பவர்! தம் கணினியில் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டினார். 2024 மார்ச் 29-ஆம் நாள் உலகத்துக்கு அறிவித்தார். பெரும்பாலான கணினிகளில் ஓடும் நிலையான தொகுப்புகளுக்குள் அது புகுமுன்பே தடுக்கப்பட்டது.

இதிலிருந்து என்ன படிக்கிறோம்? கதவு திறந்திருந்ததால்தான் ஃப்ராயிண்ட் தோண்ட முடிந்தது. அது உண்மை. ஆனால் ஆயிரம் நிறுவனங்கள் சாப்பிட்ட சமையலறையில் ஒரே ஓர் ஆள், அதுவும் கூலியில்லாமல், களைத்துப்போய் நின்றான். அதனால்தான் திருடன் நுழைந்தான். அதுவும் உண்மை! எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறவன் கையில் இயந்திரம் தவறும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பாருங்கள்: பலர் கூடிப் பராமரிக்கிறார்களா? அண்மையில் திருத்தம் வந்திருக்கிறதா? நெடுநாளாகத் தொடப்படாமல் கிடக்கும் மென்பொருள், பாதுகாப்பு என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: எந்தக் கை கொடுத்தது?

நல்ல சரக்கும் கெட்ட கை வழியாக வந்தால் கெட்ட சரக்குத்தான்.

2016 பிப்ரவரி 20-ஆம் நாள் 'லினக்ஸ் மின்ட்' என்னும் தொகுப்பின் இணையதளத்தில் திருடர்கள் புகுந்தார்கள். தொகுப்பை எழுதியவர்களிடம் குற்றமில்லை. ஆனால் பதிவிறக்கும் இணைப்பை மாற்றி, கள்ளக் கதவு வைத்த வேறொரு நகலைத் தங்கள் இடத்திலிருந்து கொடுத்தார்கள். அன்று அந்த இணைப்பை நம்பி இறக்கியவன், பாதுகாப்பைத் தேடிப் போய்த் திருடனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துவந்தான்! நடத்துகிறவர்கள் உடனே விவரத்தை வெளியிட்டு எச்சரித்தார்கள். அது பாராட்டுக்குரியது.

2025 ஜூலையில் இன்னொன்று. 'ஆர்ச்' லினக்ஸில், பயன்படுத்துகிறவர் எவரும் பொட்டலம் போடக்கூடிய ஒரு பொதுச் சந்தை உண்டு. அங்கே ஃபயர்பாக்ஸ் உலாவிக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த வேறு உலாவிகளுக்கும் திருத்தம் என்று பெயர் சூட்டி, கணினியையே பிறர் கைக்கு ஒப்படைக்கும் நச்சுப் பொட்டலங்களை வைத்தார்கள். இரண்டு நாளில் நீக்கப்பட்டன. அந்த இரண்டு நாளில் எடுத்தவன் கதி?

ஆகவே இது விதி: மென்பொருளை உங்கள் லினக்ஸ் தொகுப்பின் சொந்தக் கிடங்கிலிருந்தே எடுங்கள். அங்கே வருவது கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வருகிறது. அங்கே இல்லையென்றால், எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். முதன்முதலில் லினக்ஸை இறக்கும்போது சரிபார்ப்பு எண்ணை மட்டும் ஒப்பிட்டுவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். தளத்தில் புகுந்த திருடன் எண்ணையும் மாற்ற வல்லவன். வெளியிட்டவர்களின் மின்கையொப்பத்தையும் சரிபார்க்க வேண்டும். எப்படிச் செய்வதென்று அவர்களே படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். கிளையில் ஒரு தோழர் கற்றுக்கொண்டால் போதும். எவனோ எங்கோ எழுதிய கட்டளையை அப்படியே எடுத்து ஒட்டி, நிர்வாகியின் பாஸ்வேர்டையும் தட்டுகிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

மூன்றாம் கேள்வி: வீட்டுக்குள் வந்து என்ன செய்கிறது?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. மென்பொருள் விஷயத்தில் இந்தப் பழமொழி செல்லாது. தானமாக வந்த மாட்டைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும்!

2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10-இல், நம் கணினியில் நம் கோப்பைத் தேடுவதற்கு நாம் தட்டிய எழுத்துகள், நாம் கேட்காமலே, அதை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் கணினிக்குப் போயின. அங்கிருந்து அமேசான் கடைச் சரக்குகள் நம் திரைக்கு வந்தன. உள்வீட்டு அலமாரியைத் திறந்தால் தெருக்கடைக்காரனுக்கு மணி அடிக்கிறது! ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். எதிர்ப்பு வலுத்தது. 2016-இல் வந்த 16.04 பதிப்பில், நாமாக இயக்கினால் ஒழிய அது இயங்காது என்ற நிலைக்கு வந்தது. லினக்ஸிலும் இது நடக்கும். ஆனால் லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்கவும், எதிர்க்கவும், நீக்கவும் முடிந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. லினக்ஸில் நெடுங்காலமாகத் திரையை ஆண்டுவந்தது 'எக்ஸ் 11' என்னும் 1987-ஆம் ஆண்டு ஏற்பாடு. அதில் ஒரு சன்னலில் நாம் தட்டும் எழுத்தை இன்னொரு சன்னலில் ஓடும் மென்பொருள் ஒட்டுக்கேட்க முடியும். ஒரே கூடத்தில், தடுப்புச் சுவரில்லாமல் பத்துக் குடித்தனம்! 'வேலாண்ட்' என்னும் புதிய ஏற்பாடு நடுவே சுவர் எழுப்புகிறது. டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றின் க்னோம் திரை இப்போது வேலாண்டிலேயே தொடங்குகிறது. உங்கள் கணினியில் எது ஓடுகிறது என்று அமைப்புகள் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

'ஃபிளாட்பேக்' என்ற முறையில் வரும் மென்பொருள்களைத் தனி அறையில் அடைத்து இயக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் சில பொட்டலங்கள் வரும்போதே வீடு முழுவதற்கும் அனுமதி கேட்டுக்கொண்டு வருகின்றன. அறையில் அடைத்துவிட்டு எல்லா அறைச் சாவியையும் கையில் கொடுத்தால் அது என்ன அடைப்பு? 'ஃபிளாட்சீல்' என்றொரு சிறு கருவி இருக்கிறது. எந்த மென்பொருளுக்கு எந்த அனுமதி என்று அதில் பார்க்கலாம், குறைக்கலாம். பாட்டுக் கேட்கிற மென்பொருளுக்குச் சங்கத்துக் கோப்புறை எதற்கு?

நான்காம் கேள்வி: பழுதை ஒப்புக்கொள்கிறார்களா?

பழுதே வராத மென்பொருள் உலகத்தில் கிடையாது. எனவே, பழுது வந்ததா என்று கேட்பதைவிட, வந்தபோது என்ன செய்தார்கள் என்று கேட்பதே மேல்.

டெபியன் தொகுப்பில் 2006-இல் ஒருவர், ஓர் எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காக, பூட்டுச் சாவிகளைத் தயாரிக்கும் நிரலில் சில வரிகளை நீக்கிவிட்டார். விளைவு? எண்ணிலடங்காத வகையில் பிறக்க வேண்டிய சாவிகள், ஒரு வகைக்கு 32,768 மாதிரிகளுக்குள் அடங்கிவிட்டன. வரிசையாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம்! ஏறக்குறைய இரண்டாண்டு யாருக்கும் தெரியவில்லை. 2008-இல் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்தார். மே 13-ஆம் நாள் டெபியன் அதை மூடி மறைக்காமல் வெளியிட்டது. பழைய சாவிகளை எல்லாம் தூக்கி எறியுங்கள், புதிதாகச் செய்யுங்கள் என்று எல்லோருக்கும் சொன்னது. குறைகளை மறைக்க மாட்டோம் என்று 1997-லேயே தன் சமூக ஒப்பந்தத்தில் எழுதி வைத்த அமைப்பு அது. எழுதியபடி நடந்தது.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். செய்தி அனுப்பும் 'சிக்னல்' நல்ல பெயர் பெற்றது. வழியில் போகும் செய்தியைக் காப்பதில் வல்லது. ஆனால் மேசைக் கணினியில் அது தன் செய்திக் கிடங்கைப் பூட்டிவிட்டு, சாவியை அதே கணினியில் திறந்த கோப்பில் வைத்திருந்தது. கதவைப் பூட்டிச் சாவியை நிலைப்படி மேலே வைப்பதுபோல! 2018-இல் சுட்டிக்காட்டினார்கள். 2024-இல் மறுபடியும் குரல் எழுந்த பிறகே திருத்தம் வந்தது. சிக்னலை விலக்குங்கள் என்று இதைச் சொல்லவில்லை. நல்ல பெயர் பெற்றதையும் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

கிளைக் கணினியில் என்ன வைப்பது?

தத்துவம் போதும், என்ன செய்வதென்று சொல்லுங்கள் என்பீர்கள். சொல்லுகிறோம்.

தொகுப்பு: டெபியன், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் போன்று பல ஆண்டு அனுபவமும் பெருங்கூட்டமும் உள்ள ஒன்றை எடுங்கள். நேற்று முளைத்த அபூர்வங்களைத் தேடி அலைய வேண்டாம்.

வட்டுப் பூட்டு: நிறுவும்போதே வட்டு முழுவதையும் பூட்டவா என்று கேட்கும். 'லக்ஸ்' என்பது அந்தப் பூட்டின் பெயர். ஆம் என்று சொல்லுங்கள். இதைச் செய்யாத கணினி திருடு போனால், வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலே எல்லாம் தெரியும். ஆனால் ஒன்று: இதன் பாஸ்வேர்டை மறந்தால் உலகத்தில் எவராலும் திறந்துதர முடியாது. எழுதி உறையிலிட்டு, ஒட்டி, பொறுப்பான இருவரிடம் இரண்டு இடத்தில் வையுங்கள்.

உலாவி: ஃபயர்பாக்ஸ். அதோடு விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கும் 'யூபிளாக் ஆரிஜின்'. கூகிளின் குரோம், லினக்ஸில் ஓடினாலும் கூகிளின் குரோம்தான். வீடு மாறினோம், கண்காணிப்பவனையும் மூட்டையோடு ஏற்றிவந்தோம் என்றாகக் கூடாது. ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவுக்கும் பெரும்பகுதி வருமானம் கூகிளிடமிருந்தே வருகிறது. அதையும் தெரிந்தே பயன்படுத்துங்கள். எங்கிருந்து பார்க்கிறோம் என்பதே தெரியக்கூடாத நேரத்துக்கு 'டார்' உலாவி இருக்கிறது. மெதுவாக நடக்கும், பொறுக்க வேண்டும்.

பாஸ்வேர்டுகளுக்குக் 'கீபாஸ்எக்ஸ்சி'. எல்லாவற்றையும் ஒரே பூட்டிய கோப்பில் நம் கணினியிலேயே வைக்கும், எவர் கிடங்குக்கும் அனுப்பாது. கடிதப் போக்குவரத்துக்குத் 'தண்டர்பேர்டு'. கடிதத்தைப் பூட்டி அனுப்பும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் 'லிப்ரேஆபிஸ்'. தமிழ்99 விசைப்பலகையும் லினக்ஸில் உண்டு. உறுப்பினர் பட்டியல் கோப்புக்குத் தனியாகவும் ஒரு பாஸ்வேர்டு போடலாம்.

அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு. நிர்வாகி அதிகாரம் தேவைப்படும்போது மட்டும். வாரம் ஒருமுறை அப்டேட் தவறக் கூடாது. பூட்டிய வெளி வட்டு ஒன்றில் நகல், அதுவும் வேறு கட்டடத்தில். தீயும் வெள்ளமும் எலியும் மென்பொருளைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

இவ்வளவு செய்தாலும் ஓர் எல்லை உண்டு. அதையும் மறைக்க மாட்டோம். லினக்ஸில் உட்கார்ந்துகொண்டு வேறு நிறுவனத்தின் இலவச அஞ்சலில் உறுப்பினர் பட்டியலைத் திறந்தபடி அனுப்பினால், அந்த நிறுவனத்தின் கையில் அது இருக்கத்தான் செய்யும். வீட்டுக் கதவை இரட்டைப் பூட்டாகப் பூட்டிவிட்டுக் கடிதத்தை உறையில்லாமல் கொடுத்தனுப்பினால், பூட்டு என்ன செய்யும்? அனுப்ப வேண்டாததை அனுப்பாதீர்கள். வைக்க வேண்டாததை வைக்காதீர்கள். பத்தாண்டுக்கு முந்திய ஆதார் நகல் கணினியில் எதற்கு? இல்லாத பொருளைத் திருட எந்தத் திருடனாலும் முடியாது.

கூலியில்லாக் காவல்

கடைசியாக ஒன்று. இலவசமாகக் கிடைத்தது, எடுத்துக்கொண்டோம், போனோம் என்று நாம் இருந்தால், எக்ஸ்.இசட். கதை மறுபடியும் நடக்கும். ஊர்க் காவலுக்கு ஒருவனை நிறுத்திவிட்டு, அவனுக்குச் சோறும் போடாமல், மாற்றாளும் அனுப்பாமல், தூங்கிவிட்டான் என்று குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? நம்மால் நிரல் எழுத முடியாது. ஆனால் பழுதைக் கண்டால் எழுதி அனுப்ப முடியும். தமிழில் மொழிபெயர்க்க முடியும். கிளைக்கு நூறு ரூபாய் ஒதுக்கி நன்கொடை அனுப்ப முடியும். கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதைக் கண்டிக்கிற நாம், நமக்காக வேலை செய்கிறவர்களிடம் அதையே செய்யலாமா?

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள்: 'நமது கணினி.' எந்தெந்த மென்பொருள் ஓடுகிறது, எங்கிருந்து வந்தது, எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம், கடைசியாக எப்போது திருத்தம் ஏறியது, பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று செயலாளரைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் கோபிக்க வேண்டாம். இரண்டு இளந்தோழர்களைப் பொறுப்பாக்கி, ஒரு மாதம் தவணை கொடுங்கள். மறு கூட்டத்தில் அவர்கள் அறிக்கை வைக்கட்டும்.

நம்மை நம்பிப் பெயரைக் கொடுத்தான் ஒரு தொழிலாளி. அந்தப் பெயரால் அவன் பிழைப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது நமது கடமை. கடமையைச் செய்வோம்!